போத்தலில் இருப்பது எந்த எண்ணெய்?

பண்டமொன்றைப் பெயர் சொல்லி விற்பவன் அப்பெயருக்குரிய பண்டத்தையே கொடுத்தல் வேண்டும். இவ்விதி 1896ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருந்து வருகின்றது. அவ்வாண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரணத்தின் பேரில் விற்கப்படும் பொருள் அவ்விவரணத்தோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பதை, ஒப்பந்தத்தில் எழுதாமலே உள்ளடங்கிய நிபந்தனையாக வைத்திருக்கின்றது. நெல்லென்று சொல்லிப் பதரைக் கொடுத்தவனும், நல்லெண்ணெய் என்று சொல்லி வேறெண்ணெயை அளந்தவனும் இவ்விதியின் முன் ஒரே வரிசையில் நிற்க வேண்டியவர்களே.

இவ்விதியை ஆக்கியோர் எதிர்பாராத நிலைமையொன்று இன்று தோன்றியிருக்கின்றது. செடி அதே செடி. வித்தும் பார்வைக்கு அதே வித்து. செக்கும் ஆலையும் மாறவில்லை. வித்தினுள் ஊறும் எண்ணெய் மாத்திரம் வேறாகிவிட்டது. மரபணு எனவும் பரம்பரையலகு எனவும் விஞ்ஞானிகள் வழங்கும் உயிர்க்கூற்றிலே கைவைத்து, சோயா அவரையின் எண்ணெயை ஒலிவ எண்ணெயின் சாயலுக்கும், கடுகின் உறவான கனோலாவின் எண்ணெயைத் தேங்காயெண்ணெயின் சாயலுக்கும் மாற்றியிருக்கின்றார்கள். அவ்வாறு மாற்றப்பட்ட எண்ணெய்க்கு என்ன பெயர்? அதை யார் தீர்மானிப்பது? வாங்குபவனுக்கு அறிவிக்கும் கடமை யாருடையது? தேங்காயை நம்பி வாழும் இந்நாட்டுக் கமக்காரனுக்கும், போத்தலை விலை கொடுத்து வாங்கும் குடும்பத்தலைவிக்கும் இவை வெறும் விஞ்ஞானக் கேள்விகள் அல்ல.

எண்ணெய் என்பது யாது? கிளிசரோல் என்னும் சிறு பொருளொன்றில் மூன்று கொழுப்பமிலங்கள் கோக்கப்பட்டிருப்பதே எண்ணெய். எந்த அமிலம் எத்தனை வீதம் என்பதே ஓர் எண்ணெயை மற்றோர் எண்ணெயினின்றும் பிரித்துக் காட்டுவது. தேங்காயெண்ணெய் குளிரில் உறைவதும், சோயா எண்ணெய் உறையாதிருப்பதும், ஒன்று சவர்க்காரத்துக்கு உகந்ததாயிருக்க மற்றொன்று விரைவிற் காறிப்போவதும் இவ்வமிலங்களின் செயலே. உணவு விவசாயத் தாபனமும் உலக சுகாதாரத் தாபனமும் கூட்டாக நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழு, 1999ஆம் ஆண்டின் தாவர எண்ணெய் நியமத்தில் இதை எண்களாகவே எழுதி வைத்தது. தேங்காயெண்ணெய் என்ற பெயர் பெறுவதற்கு லோரிக் அமிலம் நூற்றுக்கு 45.1 முதல் 53.2 வரை இருத்தல் வேண்டும். சோயா எண்ணெயாயின் ஒலெயிக் அமிலம் 17 முதல் 30 வரையும், லினோலெயிக் அமிலம் 48 முதல் 59 வரையும் இருத்தல் வேண்டும். ஆகவே எண்ணெயின் பெயர் என்பது வெறும் சொல்லன்று. எண்களிலே கொடுக்கப்பட்ட வாக்குறுதி அது.

மேலே செல்லுமுன் ஒரு குழப்பத்தை நீக்க விரும்புகின்றோம். மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றிப் பேசுவோர், ஆதரிப்போராயினும் எதிர்ப்போராயினும், இருவகைப் பயிர்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றனர். 1996ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வர்த்தகத்துக்கு வந்த சோயா, களைநாசினியைத் தாங்கும் வண்ணம் மாற்றப்பட்டது. அதன் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களின் வீதம் பழைய சோயாவினதினின்றும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. அதைப் பற்றிய வழக்கு வயலைப் பற்றிய வழக்கு. நாசினியைப் பற்றிய வழக்கு. இரண்டாம் வகையோ எண்ணெயை மாற்றுவதையே நோக்கமாகக் கொண்டு ஆக்கப்பட்டது. முதல் வகையை நிறுப்பதற்கென, 1993ஆம் ஆண்டு பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தித் தாபனம் முன்வைத்த ‘சாராம்சத்தில் சமமானது’ என்னும் தராசு இரண்டாம் வகைக்குப் பொருந்தாது. சமமாக இராதிருத்தலே அதன் இலட்சணம் அன்றோ? காப்புரிமைக் கந்தோரில் ‘முன்னில்லாத புதுப்பொருள்’ என்று உரைத்து உரிமை பெற்ற பண்டத்தைத் துறைமுகத்தில் ‘வழக்கமான எண்ணெய்’ என்று ஒருவர் சொல்ல முற்பட்டால், முன்சொன்னதை மறுக்கத் தடையுண்டு என்னும் பழைய நீதிமன்றக் கோட்பாட்டை நினைவூட்டுவோம்.

இந்த இரண்டாம் வகையிலே முதலாவதாக வயலுக்கு வந்த பயிரின் வரலாறு, தென்னை நட்ட ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

கலிபோர்னியா மாநிலத்தின் டேவிஸ் நகரில் கல்ஜீன் என்னும் கொம்பனி இருந்தது. 1994ஆம் ஆண்டு மெதுவாகக் கனியும் தக்காளியை விற்று உலகப் பிரசித்தி பெற்றது இதுவே. தக்காளியை எல்லோரும் பேசினர். எண்ணெயைச் சிலரே கவனித்தனர். சவர்க்காரத்துக்கும், நுரை வரும் கழுவற் பொருள்களுக்கும், இனிப்புப் பண்டங்களின் மேற்பூச்சுக்கும் லோரிக் அமிலம் இன்றியமையாதது. இது பெருமளவில் இரண்டே இடங்களிற் கிடைப்பது: தேங்காயெண்ணெய் ஒன்று, செம்பனை விதையின் பருப்பெண்ணெய் மற்றொன்று. இரண்டும் வெப்ப நாடுகளின் விளைபொருள்கள். குளிர்நாட்டு வயலிலேயே லோரிக் அமிலத்தை விளைவித்தால் மணிலாவையும் மலேசியாவையும் கொழும்பையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதே இம்முயற்சியின் கணக்கு.

கலிபோர்னியாக் காடுகளில் லாரல் குலத்தைச் சேர்ந்த ‘பே’ மரமொன்று உண்டு. எமது கறுவாவுக்கும் அது உறவு. அதன் வித்தில் லோரிக் அமிலம் மிகுதி. (லோரிக் என்ற பெயரே லாரல் மரத்தின் பெயரினின்றும் பிறந்தது, ஆகையால் பெயரளவில் தென்னைக்கு அதில் ஏகபோகம் கிடையாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்வோம்.) வித்தினுள் கொழுப்பமிலச் சங்கிலி இரண்டிரண்டு காபன் அணுக்களாக நீண்டுகொண்டு போகும். சாதாரண கனோலாவில் அது 18 காபன் வரை நீளும். ‘பே’ மரத்திலுள்ள ஒரு நொதியமோ சங்கிலி 12 காபனை எட்டியதும் அதை வெட்டி விடுவித்துவிடும். அந்த நொதியத்தை ஆக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்துக் கனோலாவிற் புகுத்தினார்கள். 1992ஆம் ஆண்டு இதன் அடிப்படை ஆராய்ச்சி ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்தது. 1994ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயத் திணைக்களம் அனுமதி வழங்கியது. லோரிக் அமிலம் சிறிதுமில்லாத கனோலா எண்ணெயில் அவ்வமிலம் நூற்றுக்கு 40 அளவுக்கு உயர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநில வயல்களில் அது அறுவடையாயிற்று.

ஆயினும் ஒரு தடை எஞ்சியது. கிளிசரோலில் மூன்று இடங்கள் உண்டென்று சொன்னோம். அவற்றுள் நடுவிடத்தில் லோரிக் அமிலத்தை அமர்த்தக் கனோலாவின் சொந்த நொதியம் மறுத்துவிட்டது. இரு ஓரங்களிலும் லோரிக், நடுவில் பழைய அமிலம் என்றவாறு எண்ணெய் அமைந்தது. நடுவிடத்திலும் லோரிக்கை அமர்த்தும் வித்தை எந்தத் தாவரத்துக்குத் தெரியும்? தென்னைக்குத் தெரியும்! தேங்காய்ப் பருப்பிலிருந்து அந்த நொதியத்தின் மரபணுப் பிரதியை எடுத்தார்கள். 1995இல் அதை வெளியிட்டார்கள். பின்னர் ‘பே’ மரத்தின் மரபணுவோடு இதையும் கனோலாவிற் சேர்த்தார்கள். நடுவிடத்திலும் லோரிக் அமர்ந்தது. மொத்த அளவும் உயர இடமாயிற்று. 1999ஆம் ஆண்டு இம்முடிவு தாவர உடற்றொழிலியல் சஞ்சிகையில் வெளியாயிற்று. தேங்காயெண்ணெயின் சந்தையைப் பிடிக்க வந்த பயிருக்குத் தேங்காயே ஆசானாக அமர்த்தப்பட்டது. விரலை வெட்டி எடுத்து அதே விரலாற் கண்ணைக் குத்துவது என்றால் இதுவன்றோ?

அப்பயிர் சந்தையில் நிலைக்கவில்லை. கல்ஜீன் கொம்பனி 1997ஆம் ஆண்டளவில் முற்றாக மொன்சான்ரோவின் கைக்குப் போயிற்று. மொன்சான்ரோவும் 2018இல் பேயர் கொம்பனிக்குள் அடங்கிற்று. தேங்காயெண்ணெயும் செம்பனைப் பருப்பெண்ணெயும் தம் இடத்தில் இருந்துகொண்டன. ‘தோற்றுப்போன பயிருக்கு இத்தனை பேச்சா?’ எனச் சிலர் வினவக்கூடும். தோற்றது வியாபாரம், வித்தை தோற்கவில்லை. இச்செய்தியில் எம்மைக் கலங்கச் செய்வது காலக்கணக்கு. கனோலாவை விதைப்பவன் சில மாதங்களில் அறுக்கின்றான். விலை விழுந்தால் அடுத்த பருவம் வேறு பயிரை இடுவான். தென்னையை நட்டவனோ ஆறேழு ஆண்டுகள் காத்திருந்து முதற் குலையைக் காண்கின்றான். அறுபது ஆண்டுகள் அம்மரத்தோடு கட்டுண்டு கிடக்கின்றான். குருநாகலிலும் புத்தளத்திலும் பளையிலும் நிற்கும் மரங்களைப் பருவத்துக்குப் பருவம் மாற்ற எவராலும் இயலாது. ஆராய்ச்சிச் சாலையில் ஒருவன் எடுக்கும் முடிவு மற்றொருவனுடைய அறுபதாண்டு முதலைத் தொடுமானால், அம்முடிவைக் காலத்தோடு அறியும் உரிமை அவனுக்கு வேண்டாமா?

இனி, வெற்றி பெற்ற பயிருக்கு வருவோம். அதன் வரலாற்றை நீதியாகச் சொல்ல வேண்டுமானால் அதன் நன்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

சோயா எண்ணெயில் லினோலெயிக், லினோலெனிக் என்னும் அமிலங்கள் மிகுதியாகையால் அது காற்றுப் பட்டதும் விரைவிற் காறும். பலமுறை காய்ச்சிப் பொரிக்க உதவாது. இக்குறையைப் போக்க ஐதரசனைச் செலுத்திப் பாதி இறுகச் செய்வது நெடுங்கால வழக்கம். அவ்வாறு செய்கையில் ‘டிரான்ஸ்’ கொழுப்பு பிறந்தது. அது இருதய நோயை வளர்ப்பது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதும், அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2006ஆம் ஆண்டு முதல் அதன் அளவைப் பெட்டியிற் குறிக்கக் கட்டாயப்படுத்தியது. 2015ஆம் ஆண்டு, பாதி இறுகச் செய்த எண்ணெய்கள் பாதுகாப்பானவை எனக் கொள்ளத் தக்கன அல்ல என்று தீர்மானித்து, 2018 ஜூன் வரை தவணை கொடுத்தது. ஐதரசன் இன்றியே காறாது நிற்கும் எண்ணெய் தேவைப்பட்டது. டூபொன்ட் கொம்பனியின் ‘பிளெனிஷ்’ சோயாவும் மொன்சான்ரோவின் ‘விஸ்டிவ் கோல்ட்’ சோயாவும் இவ்விடத்தை நோக்கியே ஆக்கப்பட்டன. முன்னதற்கு 2010இலும் பின்னதற்கு 2011இலும் அமெரிக்க விவசாயத் திணைக்களம் அனுமதியளித்தது. ஒலெயிக் அமிலத்தை லினோலெயிக் அமிலமாக மாற்றும் நொதியத்தின் மரபணுவை வித்தினுள் ஊமையாக்குவதே உபாயம். சோயாவுக்குப் புறத்தேயிருந்து புதிய அமிலமெதையும் கொண்டுவராமல், ஒரு கதவைச் சாத்திவிட்டார்கள். அதன் பயனாக ‘பிளெனிஷ்’ சோயாவில் ஒலெயிக் அமிலம் நூற்றுக்கு இருபது சொச்சத்திலிருந்து 75க்கு மேல் ஏறிற்று. 50க்கு மேலிருந்த லினோலெயிக் 10க்குக் கீழே இறங்கிற்று.

டிரான்ஸ் கொழுப்பு ஒழிந்தது நன்மையே. அதை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயினும் எண்களைத் திரும்பப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகின்றோம். லினோலெயிக் அமிலம் மனித உடலால் ஆக்க முடியாதது, உணவினின்றே பெறவேண்டியது. சோயா எண்ணெய் அதற்கு ஒரு பெரும் ஊற்று. அந்த ஊற்று ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிய பின்பும் சோயா எண்ணெய் என்ற பெயரையே தனித்து எழுதினால், பெயர் கொடுத்த வாக்குறுதி என்ன ஆவது? பலவகை எண்ணெய் உண்ணும் வீட்டுக்கு இது பெரும் பேதமாகாது. ஓரெண்ணெயையே நம்பியிருக்கும் ஏழை வீட்டுக்கு அவ்வாறு சொல்ல முடியுமா? நஞ்சென்று நாம் கூக்குரலிடவில்லை. இது வேறு எண்ணெய் என்கின்றோம், அவ்வளவே.

இவ்விடத்தில் அமெரிக்காவின் சட்டம் நேர்மையான ஒரு காரியத்தைச் செய்திருக்கின்றது. 1992 மே மாதம் உணவு மருந்து நிருவாகம் வெளியிட்ட கொள்கைப் பிரகடனத்தின்படி, மாற்றப்பட்ட பயிரின் உணவு தன் அமைப்பிலே கணிசமாக வேறுபடுமாயின் பழைய பெயரை வெறுமனே சூடிக்கொள்ளல் ஆகாது. அதன் பயனாகக் கல்ஜீனின் எண்ணெய் ‘லோரேட் கனோலா எண்ணெய்’ என்றும், புதுச் சோயாவின் எண்ணெய் ‘உயர் ஒலெயிக் சோயா எண்ணெய்’ என்றும் பெயர் பெற்றன. ஆனால் எவ்வாறு மாறிற்று என்பதை அக்கொள்கை சொல்லக் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்ப 2016இல் காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. 2018இல் விவசாயத் திணைக்களம் அதற்கு வகுத்த விதியோ, மாற்றிய மரபணுவைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்ட உணவுகளுக்கு விலக்கு அளித்தது. அவ்விலக்கு நீதிமன்றத்துக்கும் இழுக்கப்பட்டது.

இவ்விலக்கிலேதான் முழு விஷயமும் அடங்கியிருக்கின்றது. வித்தைப் பிழிந்து, பசை நீக்கி, வெளுத்து, மணம் அகற்றிச் சுத்திகரித்த எண்ணெயில் மரபணு எஞ்சுவது அரிது. மரபணு வித்திலேயே தங்கிவிடும். அது செய்த வேலையே எண்ணெயோடு வரும். மரபணுவைத் தேடும் அதிகாரி, மாற்றமே இல்லாத களைநாசினிச் சோயாவின் மாவிலே மாற்றத்தைக் காண்பான். தலைகீழாய் மாறிய எண்ணெயிலே ஒன்றையும் காணமாட்டான். திருடனை விட்டுவிட்டு அவன் வந்த வண்டியைப் பிடிக்கும் சட்டத்தை என்னென்பது?

ஐரோப்பா வேறு வழி சென்றது. 2003ஆம் ஆண்டின் 1829ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, மரபணு எஞ்சினும் எஞ்சாவிடினும் மாற்றிய வித்திலிருந்து பிறந்த எண்ணெய் அதைச் சொல்லியாக வேண்டும். பரிசோதனைக் குழாய்க்குப் பதிலாக வயலிலிருந்து ஆலை வரை தொடரும் பத்திரங்களே அங்கு சாட்சி. இலங்கையோ 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் 2006ஆம் ஆண்டு விதிகளை இயற்றி, 2007 ஜனவரி முதல் அமுலாக்கிற்று. அரை வீதம் என்னும் எல்லைக் கோட்டையும் வகுத்தது. அரை வீதம் என்பது நல்ல கண்டிப்பான கோடுதான். மாவுக்கும் பருப்புக்கும் அது பொருந்தும். அளப்பதற்கு மரபணுவே இல்லாத சுத்திகரித்த எண்ணெயில் எதன் அரை வீதத்தை அளப்பது? அங்கு பரிசோதகனின் கருவி ஊமையாகிவிடும். பத்திரம் பேசினால் மாத்திரமே சட்டம் பேசும்.

எதிர்க்கட்சி நியாயவாதி இப்பொழுது எழுந்து நிற்பார். ‘எண்ணெயின் அமைப்பை மாற்றியது மரபணுப் பொறியியல் மட்டுமா?’ என்பார். அவர் சொல்வதில் உண்மையுண்டு. கனோலாவே அதற்குச் சாட்சி. பழைய கடுகினக் கனோலாவின் எண்ணெயில் எருசிக் அமிலம் நூற்றுக்கு 40 வரையில் இருந்தது. கனடாவின் டௌனி, ஸ்டெபான்சன் என்னும் இரு அறிஞர்கள் சாதாரண இனச்சேர்க்கையாலேயே அதைக் குறைத்தனர்; 1978இல் கனோலா என்ற பெயர் பதிவாயிற்று. சோவியத் நாட்டில் 1970களில், இரசாயனப் பொருளால் வித்தைத் தாக்கிப் பிறந்த மாற்றங்களிலிருந்து ‘பெர்வெனெட்ஸ்’ என்னும் சூரியகாந்தியைத் தெரிந்தெடுத்தனர். உயர் ஒலெயிக் சூரியகாந்திகள் பல அதன் வழித்தோன்றல்களே. இவை மரபணுச் சட்டங்களின் வலையில் அகப்படுவதில்லை. ஆயினும் நியாயவாதியின் சான்று எமக்கே உதவுகின்றது என்பதைக் கவனியுங்கள். கனடாவில் எண்ணெய் மாறியதும் புதுப் பெயர் பிறந்தது. உயர் ஒலெயிக் சூரியகாந்திக்கும் கோடெக்ஸ் நியமத்தில் தனிப் பெயரும் தனி எண்ணும் உண்டு. எண்ணெய் மாறினால் பெயரும் மாறவேண்டும் என்ற கொள்கை எந்த உபாயத்தால் மாறினாலும் செல்லும். அமைப்பு வேறு, உபாயம் வேறு. இரண்டையும் அறிய வாங்குபவனுக்கு உரிமை உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கலாம் என்பதை நாம் ஏற்கமாட்டோம்.

பெயரைப் பற்றிப் பேசினோம். உடைமையைப் பற்றியும் பேசவேண்டும். சட்டம் கற்றவர்களாகிய எமக்கு இதுவே ஆழமான பகுதியாகத் தோன்றுகின்றது.

1980ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் சக்ரவர்த்தி வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், மனிதன் ஆக்கிய உயிருக்குக் காப்புரிமை உண்டெனத் தீர்த்தது. (அவ்வழக்கின் பொருளும் எண்ணெயே, கடலிற் சிந்திய மசகெண்ணெயை அழிப்பதற்கென ஆக்கப்பட்ட பற்றீரியம்.) 2004இல் கனடாவின் உயர் நீதிமன்றம், தன் வயலில் முளைத்த உரிமை பெற்ற கனோலாவைச் சேமித்து விதைத்த ஷ்மைசர் என்னும் விவசாயி காப்புரிமையை மீறினார் என்றது, இலாபம் பெறவில்லை என்பதால் அவர் பணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. 2013இல் போமன் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம், களஞ்சியத்தில் வாங்கிய சோயாவை விதைத்துப் பெருக்குவதும் மீறலே என ஒருமனதாகக் கூறிற்று. அதே ஆண்டு மிரியட் வழக்கில் இயற்கையில் உள்ளபடியான மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்றும், ஆராய்ச்சிச் சாலையில் ஆக்கிய பிரதிக்கு உண்டு என்றும் பிரித்தது. தேங்காய்ப் பருப்பிலிருந்து எடுத்தது அத்தகைய பிரதியே என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

தென்னையை ஆக்கியவர் யார்? எந்தக் கொம்பனியும் அன்று. பசிபிக் தீவுகளிலும் இந்து சமுத்திரக் கரைகளிலும் பெயரறியாத கோடி கமக்காரர் நல்ல காயைத் தெரிந்து நட்டு, நல்ல மரத்தின் காயை மீண்டும் தெரிந்து நட்டு வளர்த்த செல்வம் அது. 1992ஆம் ஆண்டின் உயிர்ப் பல்வகைமைப் பொருத்தனையின் 15ஆம் உறுப்புரை, மரபு வளங்கள் மீது அந்தந்த அரசுக்கு இறைமை உண்டு என்றும், பயன் பெறுவோர் பயனைப் பகிர வேண்டும் என்றும் உரைக்கின்றது. இலங்கை 1994இல் அதை ஏற்றுறுதி செய்தது. ஐக்கிய அமெரிக்கா 1993இல் கையொப்பமிட்டும் ஏற்றுறுதி செய்யவில்லை. கடல்தோறும் மிதந்து பரவிய தென்னைக்கு ‘இது எந்நாட்டு மரம்’ என்று உரிமை கோருவதும் எளிதன்று. எழுத்தின்படி வழக்கு நில்லாது என்பதை வாசகரிடம் மறைக்க நாம் விரும்பவில்லை. வழக்கு நில்லாமை ஒன்று. நியாயம் இல்லாமை மற்றொன்று. இந்த இடைவெளியை நிரப்புவது நீதிமன்றத்தின் வேலையன்று, சட்டசபைகளின் வேலை.

எமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களுக்குக் காப்புரிமை வழங்குவதில்லை. நல்லது. ஆயின் அது வித்துக்கே காவல். எண்ணெய்க்கு வித்து வேண்டியதில்லை. கப்பலில் பீப்பாயாக வந்திறங்கும். வாசற்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தவர்களாக நாம் இருக்கின்றோம்.

அடுத்து வருபவை இன்னும் நுட்பமானவை. அவுஸ்திரேலியாவில் கடற்பாசியினதும் மதுவத்தினதும் மரபணுக்களைக் கனோலாவிற் புகுத்தி, மீனெண்ணெயில் உள்ள நீண்ட ஒமேகா-3 கொழுப்பமிலத்தை வித்திலே விளைவித்தனர். 2018இல் அந்நாட்டில் பயிரிட அனுமதி கிடைத்தது. கடலை வெறுமையாக்காமல் மீன் வளர்ப்புக்கு எண்ணெய் கிடைக்குமானால் அதற்கும் நாம் பகையல்லோம். மீனெண்ணெயின் அமிலம் மரக்கறி எண்ணெயில் வரும் நாளில் மரக்கறி உண்போரும் மீனுண்போரும் தாம் உண்பது யாதென அறியும் வழி இருக்க வேண்டும் என்பதே எமது கேள்வி.

ஆகவே நாம் கேட்பவை அரிய காரியங்கள் அல்ல. இறக்குமதியாகும் ஒவ்வொரு எண்ணெய்த் தொகுதியோடும் அதன் கொழுப்பமில வீதங்களைக் காட்டும் அத்தாட்சிப் பத்திரமும், வித்து எவ்வாறு பெறப்பட்டது என்பதைக் கூறும் பத்திரமும் வருதல் வேண்டும். கோடெக்ஸ் எண்களுக்குப் புறம்பான எண்ணெய் பழைய பெயரோடு கடைக்குச் செல்லக்கூடாது. ‘உயர் ஒலெயிக்’, ‘உயர் லோரிக்’ என்ற சொற்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயருக்கு அருகே, பெயரின் அளவிலேயே அச்சிடப்படுதல் வேண்டும். தேங்காயெண்ணெயில் வேறு லோரிக் எண்ணெய் கலக்கப்படுமாயின் அதையும் கண்டுபிடிக்கலாம்: 8, 10 காபன் கொண்ட சிறிய அமிலங்கள் தேங்காயெண்ணெயில் உண்டு, ‘பே’ மரத்து மரபணுவாற் பிறந்த கனோலா எண்ணெயில் அநேகமாக இல்லை. 1929ஆம் ஆண்டு முதல் தென்னையை ஆராய்ந்து வரும் லுணுவில நிலையத்திடம், எந்நாட்டு ஆராய்ச்சிச் சாலையில் எந்த எண்ணெய் தேங்காயெண்ணெயின் இடத்தை நோக்கி வளர்க்கப்படுகின்றது என்பதை ஆண்டுதோறும் கமக்காரருக்கு அறிவிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படுதல் வேண்டும்.

வாயு நிறப்பதிவுக் கருவியொன்றில் ஓர் எண்ணெயின் கொழுப்பமிலங்களை அளப்பது ஒரு நாளைக்குள் முடியும் வேலை. இதற்குப் பாராளுமன்றத்தில் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சர் ஒரு விதியை வர்த்தமானியில் இட்டாற் போதும்.